விருந்தேற்கும் நகரும் விரும்பாத சொல்லும்

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசுவோர்க்கும் எழுதுவோர்க்கும் அண்மைக் காலத்தில் ஒரு புதிய புகழுரை கிடைத்திருக்கிறது. கோயில் நகரம், பட்டு நகரம், கல்வி நகரம் என்னும் பழைய பெயர்களோடு, பல நாட்டுத் தூதரும் கூடிய நகரம் என்பதும் இப்போது சேர்த்துச் சொல்லப்படுகிறது. 2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது இப்புகழுரை வலுப்பெற்றது. அன்று மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடுத்த மாதத்தில்தான் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2023 ஜூனில், ஜி-20 நாடுகளின் மகளிர் மாநாடும் அதே கடற்கரையில் நடந்தேறியது.

காஞ்சிக்கு இப்பெருமை பொருந்தாது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. பொருந்தும் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு அதை அளக்கிறோம் என்பதே நம் கேள்வி. எத்தனை அரசர் வந்தனர், எவ்வளவு பெரிய பந்தல் போடப்பட்டது, என்ன பரிசில் தரப்பட்டது என்பனவற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், திருமண வீட்டுக் கணக்கெழுதுவோர்க்கும் இலக்கியத் திறனாய்வாளர்க்கும் வேறுபாடு இல்லாமற் போய்விடும். ஒரு நகரம் பிறரை வரவழைத்துப் பேசவைக்கும் நகரமாவது எதனால்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு பழைய பனுவல் சிலவற்றையும், கல்லெழுத்துச் சிலவற்றையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

முற்றத்தில் காத்திருந்தோர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனாரால், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிப் பாடப்பட்டது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன் வறுமையிலிருக்கும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான். அவ்வழியில் எயினர் வீட்டிலும், இடையர் வீட்டிலும், உழவர் வீட்டிலும், வலைஞர் வீட்டிலும், அந்தணர் வீட்டிலும் என்னென்ன உணவு கிடைக்கும் என்பதை விரிவாகக் கூறுகிறான். நகருக்குள் நுழையும் முன்பே நகரின் விருந்தோம்பல் தொடங்கிவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊரார் சோறிடாத நாட்டில் அரசன் மட்டும் விருந்தோம்பி ஆவதில்லை.

நகருக்குள் சென்றதும் புலவர் அரண்மனை முற்றத்தைக் காட்டுகிறார். அங்கே பல நாட்டு மன்னர் திறைப்பொருளோடு காத்து நிற்கின்றனர். அவர்கள் ஒரே வகையினர் அல்லர். நட்பை நாடி வந்தவரும் உண்டு; துணையின்றி வலிமை வேண்டி வந்தவரும் உண்டு. இக்காத்திருப்புக்குப் புலவர் சொல்லும் உவமை அருமையானது. பெருக்கெடுத்தோடும் கங்கையைக் கடக்க வேண்டிய மக்கள், இருக்கும் ஒரே தோணியின் முறைக்காகக் கரையிலே காத்துக் கிடப்பது போல அம்மன்னர்கள் காத்திருந்தனர் என்கிறார்.

உரை சொல்வோர் இவ்வுவமையை இளந்திரையனின் பெருமைக்குச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் அதை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தோணித்துறையில் நிற்பவனுக்குத் தோணிக்காரனிடம் பக்தி இல்லை. அக்கரை போகும் தேவையே உண்டு. அவன் அருகில் நிற்பவன் அவனுடைய பகைவனாகவும் இருக்கலாம். இருவரும் ஒரே துறையில் நின்றாக வேண்டும். பல தரப்பினர் ஒரே முற்றத்தில், தத்தம் தேவையோடு, ஒருவரையொருவர் பார்த்தபடி முறைக்குக் காத்திருக்கும் இக்காட்சியைக் காட்டிலும் தெளிவான பன்னாட்டு அவைக் காட்சி நம் பழைய இலக்கியத்தில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் பெரும்பாணாற்றுப்படை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. காத்திருந்த மன்னர் உள்ளே சென்று என்ன பேசினர் என்பதை அது சொல்லவில்லை. அவர்கள் பணிந்தவர்கள், ஆகவே அவர்கள் வாயில் சொல் இல்லை. நகரின் பெருமையைப் பாடும் பாட்டுக்கு அது போதும். நமக்குப் போதாது.

படைக்கொட்டிலில் ஒரு பாட்டு

உள்ளே நடந்த பேச்சு ஒன்றை நமக்குத் தருவது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். அப்போது அவர் பாடியது இது என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு கூறுகிறது. பாட்டின் பொருள் தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. உன் படைக்கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன. இதுவே அதன் சாரம். எம் தலைவன், இருந்தால் பிறர்க்கு உணவிடுவான், இல்லாவிட்டால் உள்ளதைப் பகிர்ந்துண்பான் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

இப்பாட்டைப் பற்றி நம் மேடைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் சொல்லப்படுகின்றன. ஒன்று, இது புகழ்வது போலப் பழித்தது என்பது. மற்றொன்று, இதைக் கேட்டுத் தொண்டைமான் நாணிப் போரைக் கைவிட்டான் என்பது. முதலாவது சரி. இரண்டாவது பாட்டிலும் இல்லை, பழங்குறிப்பிலும் இல்லை. அது நாம் சேர்த்துக்கொண்ட முடிவு. காஞ்சி என்னும் ஊர்ப் பெயரும் பாட்டில் இல்லை; தொண்டைமானின் தலைநகர் அது என்பதால் நாமே கொட்டிலைக் காஞ்சியில் வைக்கிறோம். அப்படி வைப்பது பொருத்தமானதே. ஆனால் பனுவல் சொல்வது எது, நாம் சேர்ப்பது எது என்பதைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

போர் நின்றதா இல்லையா என்பதைக் கொண்டே இத்தூதை மதிப்பிடுவோமானால் நாம் ஏமாறுவோம். பின்னாளில் தகடூரை அழித்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. ஔவையாரின் ஒரு பாட்டு அதியமானை என்றைக்குமாகக் காத்துவிடவில்லை. அவ்வாறாயின் இப்பாட்டு நமக்குக் காட்டுவது யாது?

தொண்டைமான் தன் வலிமையைக் காட்டக் கருதிய இடத்திலேயே, தன் அரண்மனைக்குள்ளேயே, தன் காவலர் நடுவிலேயே, ஒரு பெண் அவனைக் குறைத்துப் பேசினாள். பேசிவிட்டுத் திரும்பினாள். பாட்டும் அவளோடு திரும்பி வந்தது. இப்பாட்டைப் புறநானூறு பாடாண் திணையில், வாள்மங்கலம் என்னும் துறையில் வைத்திருக்கிறது. அது அதியமானைப் பாடும் பாட்டாக வகுக்கப்பட்டதால், விருந்தேற்றவனைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஔவையாரின் துணிவைப் பேசாத நூல் இல்லை. அத்துணிவைக் கேட்டுக்கொண்டு நின்ற தொண்டைமானின் பொறுமையைப் பேசிய நூல் அரிது. அவன் முகம் சிவந்ததோ சிரித்ததோ நாம் அறியோம். கேட்டான் என்பது மட்டும் உறுதி. கேட்கப்படாத பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்திராது.

இக்குறை நம் அறநூல்களிலும் உண்டு. திருக்குறளில் தூதுக்கென்று 69ஆம் அதிகாரம் இருக்கிறது. தூதனுக்கு வேண்டிய அன்பு, அறிவு, சொல்வன்மை, அஞ்சாமை எல்லாம் அதில் உள்ளன. உயிர் போகும் நிலையிலும் தன் அரசனுக்கு நன்மை தேடுவதே தூதனின் கடமை என்று அவ்வதிகாரம் முடிகிறது. ஆனால் தூதனை ஏற்பவனுக்கு வேண்டிய பண்புகளைக் கூற அங்கே தனி அதிகாரம் இல்லை. பிற்காலத்தில் தூது ஒரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. கிளியும் முகிலும் தூது போயின. தூதேற்றல் என்று ஒரு வகை தோன்றவில்லை.

நம் இலக்கியம் தரும் அளவுகோல்

தமிழ்த் திறனாய்வு இங்கே நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். நாம் முழுமையாகக் காணக் கிடைக்கும் மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ்ப் பனுவலாக அறிஞர் குறிப்பிடுவது, வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ஆயிரம் மசலா. மசலா என்பது கேள்வி என்னும் பொருளுடைய அறபுச் சொல். யூதப் பெரியாராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, ஐயங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார். அண்ணலார் விடை பகர்கிறார்கள். இதன்பின் நூறு மசலா, வெள்ளாட்டி மசலா எனப் பல மசலாக்கள் எழுந்தன. வெள்ளாட்டி மசலாவில் அவையிலே நின்று அறிஞரின் கேள்விகளை எதிர்கொள்பவள் ஓர் அடிமைப் பெண்.

மசலாவைச் சமய போதனை நூல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவோர் உண்டு. அதன் அமைப்பைப் பாருங்கள். தூது இலக்கியத்தில் சிறப்பு, அனுப்பப்பட்டவனுக்கு. மசலாவில் சிறப்பு, கேட்க வந்தவனை இருத்தி அவன் கேள்வி முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் அவைக்கு. தமிழில் தோன்றாத தூதேற்றல் என்னும் வகையின் இடத்தை ஒருவாறு நிரப்பி நிற்பது மசலாதான் என்று நாம் துணிந்து கூறுவோம்.

இதற்கு வரலாற்று வேர் மதீனாவில் இருக்கிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டைத் தூதுக்குழுக்களின் ஆண்டு என்றே வரலாற்றாசிரியர் அழைப்பர். அறபு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குழுக்கள் மதீனாவுக்கு வந்தன. நஜ்ரான் நாட்டுக் கிறித்தவக் குழுவினர் வந்தபோது, அவர்கள் தொழுகை நேரம் வந்ததும் நபியவர்களின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தொழ விடப்பட்டனர் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. அவர்கள் இஸ்லாத்தை ஏற்கவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு, தம் சமயத்தோடே திரும்பினர். பொய்யன் முஸைலிமாவின் தூதர் இருவர் வந்து, அவனுடைய கூற்றையே தாமும் நம்புவதாக நேரில் சொன்னார்கள். ஒரு நபியின் முன் சொல்லத்தக்க மிகக் கடுமையான சொல் அது. தூதர் கொல்லப்படலாகாது என்னும் முறைமையைச் சொல்லி அண்ணலார் அவர்களை விட்டுவிட்டார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் காணும் செய்தி.

மதீனாவுக்கு முன்பே இன்னொரு அவை உண்டு. மக்காவின் கொடுமை தாங்காது அபிசீனியாவில் புகலடைந்த முஸ்லிம்களைத் திரும்பப் பெறக் குறைஷியர் இருவரை அனுப்பினர். அவர்கள் நஜ்ஜாஷி மன்னருக்கும் அவருடைய தளபதியர்க்கும் தோற்பொருள்களைப் பரிசாகக் கொண்டு சென்றனர். புகலடைந்தோரை விசாரியாமலே ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள். நஜ்ஜாஷி மறுத்தார். எதிர்த்தரப்பை அழைத்தார், ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார், பிறகு பரிசுகளைத் திருப்பியனுப்பினார்.

இவற்றிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பல தரப்பினர் கூடும் நகரின் தகுதி, அங்கே சொல்லப்பட்ட இனிய சொற்களால் அமைவதன்று. விருந்தேற்றவன் விரும்பாத சொல்லைச் சொன்னவன் பாதுகாப்பாகத் திரும்பினானா? பரிசில் கொண்டுவந்தவனுக்கும் வெறுங்கையோடு வந்தவனுக்கும் ஒரே செவி கிடைத்ததா? சொல்லப்பட்டது அழிக்கப்படாமல் நின்றதா? இம்மூன்று கேள்விகளோடு காஞ்சிக்குத் திரும்புவோம்.

கல்லில் நின்ற மாற்றார் சொல்

கி.பி. 640ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், 10,000 துறவியரும், 80 அளவிலான தேவாலயங்களும், சமணர் பலரும் இருந்ததாக எழுதினார். இலங்கைக்குச் செல்ல எண்ணியிருந்த அவர், அந்நாட்டில் அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமும் மூண்டமையால் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்த இலங்கைத் துறவியரிடம் செய்தி கேட்டறிந்து பயணத்தைக் கைவிட்டார் என அவருடைய வரலாறு கூறுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கை இளவரசன் மானவம்மன் பல்லவன் நரசிம்மவர்மனிடம் புகலடைந்து, பின்னர் பல்லவர் படைத்துணையோடு நாடு மீண்டதைச் சூளவம்சம் பேசுகிறது. அரசிழந்தவனும், பஞ்சத்துக்கு அஞ்சியவனும், வழி தேடியவனும் வந்து சேரும் இடமாக இந்நகர் இருந்தது. நம் இரண்டாவது கேள்விக்கு இது நல்ல விடை.

மூன்றாவது கேள்விக்கான விடை கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. இராசசிம்மன் எனப்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பிய கோயில் அது. 8ஆம் நூற்றாண்டில் வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே வந்தான். வென்றவன் நகரை அழிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் கோயில் மண்டபத் தூணில் பொறித்தும் வைத்தான். இவ்வெழுத்தை அழிப்பவர், இந்நகரின் கடிகை அவையோரைக் கொன்றவர் அடையும் கதியை அடைவர் என்பது அதன் இறுதிப் பகுதி. பகையரசன் தன் எழுத்துக்குக் காவலாகத் தன் வாளைக் குறிப்பிடவில்லை. தான் வென்ற நகரின் கல்விக்கழகத்துக்குரிய மதிப்பையே குறிப்பிட்டான்.

சாளுக்கியர் போன பின்பு அவ்வெழுத்தை உளியால் செதுக்கியெறியப் பல்லவர்க்குத் தடையேதும் இருந்திராது. எறியவில்லை. தோல்வியின் நினைவு தம் முன்னோர் எழுப்பிய கோயிலிலேயே நிற்க விட்டார்கள். மறுபக்கமும் இதற்கு இணையான செய்தி உண்டு. கி.பி. 642இல் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றபோது அங்கே பொறித்த கல்லெழுத்து, சிதைந்த நிலையிலேனும் இன்றும் அவ்வூர்ப் பாறையில் இருக்கிறது. காஞ்சியில் சாளுக்கியன் சொல். வாதாபியில் பல்லவன் சொல். விக்கிரமாதித்தனின் காஞ்சி வெற்றியை நினைந்து அவன் அரசி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலோ, கைலாசநாதர் கோயிலின் சாயலைக் கொண்டு நிற்கிறது. இரு நகரங்களும் தம் பகைவனின் சொல்லைத் தம் கல்லில் தாங்கி நிற்பதைவிடப் பெரிய உடன்படிக்கை எது?

இன்றைக்குக் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்வோரிடம் சிற்பத்தின் எழிலையும் பழமையையும் சொல்கிறோம். அந்தக் கன்னட எழுத்தை எத்தனை பேருக்குக் காட்டுகிறோம்?

நமக்கும் ஒரு சோதனை

பிறரைக் கேள்வி கேட்டால் போதாது. நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே இராசசிம்மன் கி.பி. 720இல் சீனத் தாங் அரசவைக்குத் தூதனுப்பினான். மாமல்லபுரச் சந்திப்பைப் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் பல்லவர் காலக் கடல்வழி உறவு பெருமையோடு நினைவுகூரப்பட்டது. தன் படைக்கு ஒரு பெயர் சூட்டுமாறு பல்லவன் கேட்டதையும், அறத்தைப் போற்றும் படை எனப் பொருள்படும் பெயரைச் சீனப் பேரரசர் வழங்கியதையும் பலர் எடுத்துக் காட்டினர். ஆனால் சீன ஆவணங்கள் அந்தப் படை எதற்கென்பதையும் சேர்த்தே சொல்கின்றன. தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் கொண்டு அறபியரையும் திபெத்தியரையும் ஒடுக்க விரும்புவதாகப் பல்லவன் சொல்லியனுப்பினான் என்பது அவற்றிலுள்ள செய்தி.

தமிழகத்துக்கும் அறபு நாட்டுக்கும் இருந்த வணிக உறவைப் பற்றி நம் இதழ்களும் மாநாட்டு மலர்களும் எழுதாத ஆண்டில்லை. அவ்வுறவு உண்மை, நாம் எழுதியதும் தேவையே. ஆயினும் இந்த 720ஆம் ஆண்டுச் செய்தியை அக்கட்டுரைகளில் நாம் காண்பது அரிது. ஏன்? அது நமக்கு இனிக்காத சொல். சிந்துவில் உமையாக்களின் படை வந்து பத்தாண்டுகளுக்குள் அனுப்பப்பட்ட தூது அது. அறபு வணிகன் கப்பலில் வந்த அதே கடலில், அறபுப் படையை எதிர்க்க உதவி தேடிய தூதனும் சென்றிருக்கிறான். இரண்டும் ஒரு நாட்டின் வரலாறே. முஸைலிமாவின் தூதர் சொன்ன சொல்லை ஹதீஸ் அறிஞர் மறைக்காமல் பதிந்து வைத்திருக்கும்போது, ஒரு பல்லவ மன்னனின் அரசியல் சொல்லை நாம் மறைப்பானேன்? மாற்றாரின் எழுத்தைத் தூணில் விட்டுவைத்த காஞ்சியைப் புகழும் தகுதி, தமக்கு ஒவ்வாத வரியையும் கட்டுரையில் விட்டுவைப்போர்க்கே உண்டு.

அரங்கும் அவையும்

நம் காலத்தில் பல நாட்டு அவைக்குப் பெயர்போன நகரம் ஜெனீவா. 1920 முதல் சர்வதேச சங்கத்தின் தலைமையிடம் அங்கே இருந்தது. அழகிய ஏரியும் அமைதியும் எந்தத் தரப்பும் சாராத நாடு என்ற பெயரும் அதற்கு உண்டு. 1936 ஜூன் 30 அன்று, இத்தாலியிடம் நாட்டை இழந்த அபிசீனியப் பேரரசர் ஹைலே செலாசி அங்கே பேச எழுந்தார். ஒருகாலத்தில் அகதிகளின் சொல்லைக் கேட்ட நஜ்ஜாஷியின் நாட்டுக்குத் தலைவர், இப்போது தாமே அகதியாக நின்றார். இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சீழ்க்கையடித்து அவரைப் பேசவிடாமற் செய்ய முயன்றனர். அவர்கள் வெளியேற்றப்பட்டனர், பேரரசர் தம் மொழியிலேயே பேசி முடித்தார். அடுத்த மாதமே இத்தாலிமேல் விதித்திருந்த பொருளாதாரத் தடைகளை நாடுகள் விலக்கிக்கொண்டன. ஜெனீவாவில் அரங்கு இருந்தது. பேசவும் இடம் கிடைத்தது. கேட்ட சொல்லுக்கு மதிப்பு மட்டும் கிடைக்கவில்லை. அரங்கு வேறு, அவை வேறு.

மாமல்லபுரத்தில் 2019இல் நடந்தது இரு நாட்டுத் தலைவர் சந்திப்பே; பல நாட்டு அவையன்று. அருச்சுனன் தபசையும் ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் இருவரும் பார்த்தனர். பட்டும் ஓவியமும் விளக்கும் பேசப்பட்டன. எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்து இந்திய வீரர் 20 பேர் உயிரிழந்தனர். இதைச் சொல்லி விருந்தோம்பலை இகழ நாம் முயலவில்லை. ஔவையாரின் பாட்டால் தகடூர் தப்பவில்லை என்று முன்னே சொன்னோம். அதே நியாயம் இங்கும் பொருந்தும். நம் வருத்தம் வேறு. அச்சந்திப்பைப் பற்றி இங்கே குவிந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை பெரும்பாணாற்றுப்படையின் முற்றத்தோடு நின்றுவிட்டன. விருந்தினரின் வருகையைப் பாடின. அவர்கள் எதில் முரண்பட்டனர் என்பதைக் கேட்கவில்லை.

காஞ்சியின் பெயரோடு நம் சமுதாயத்தை நேரே தொட்ட தூது ஒன்றும் அண்மை வரலாற்றில் உண்டு. அயோத்திச் சிக்கலில் சமரசம் காண விரும்பிய காஞ்சி காமகோடி பீடாதிபதி ஜெயேந்திர சரசுவதி சுவாமிகள், 2002இலும் 2003இலும் அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியத்துக்குத் தம் யோசனைகளை அனுப்பினார். வாரியம் அவற்றை ஆராய்ந்து, ஏற்பதற்கில்லை என்று தெரிவித்தது. பின்னர் 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் அவ்வழக்கு முடிந்தது. அம்முயற்சியை வெறும் தோல்வி என எழுதுவோர் உண்டு. இரு தரப்பிலும் அதைக் குறை கூறினோரும் உண்டு. நடுவர் இருக்கையே ஒரு தரப்பின் சமயபீடமாகவும் இருந்தது அதன் பெரிய குறை என்பது நம் கருத்து. நஜ்ஜாஷி போல மூன்றாமவர் ஒருவர் அங்கே இல்லை. ஆனாலும் யோசனை எழுத்தில் வந்தது. மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. இயலாது என்ற சொல்லைச் சொல்ல முடிந்ததும், அதைக் கேட்டுக்கொள்ள முடிந்ததும் சிறிய செய்திகள் அல்ல. பேசாமலிருந்த ஆண்டுகளில் 1992 டிசம்பர் 6 போன்ற நாளும் நிகழ்ந்தது என்பதை நினைத்தால் அவற்றின் அருமை விளங்கும்.

தறியிலிருந்து ஒரு பாடம்

காஞ்சிப் பட்டைப் பரிசிலாகக் கருதுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது நெய்யப்படும் முறையையும் ஒருமுறை பார்க்கலாம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளி ஒருவரால் எல்லாவற்றையும் வீச முடியாது; பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசுவார். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நிறம் கலப்பதில்லை, பிடி விடுவதுமில்லை. துணைக்கு உட்கார்ந்தவர் கை ஓய்ந்தால் தறி நின்றுவிடும்.

பல தரப்பினரைக் கூட்டும் நகரின் வேலையும் இதுவே. எல்லோரையும் ஒரே நிறமாக்க அது முயல வேண்டியதில்லை. நஜ்ரான் குழுவினர் நஜ்ரான் குழுவினராகவே திரும்பினர். ஔவையார் அதியமானின் புலவராகவே திரும்பினார். சாளுக்கியனின் கன்னடம் தமிழ் நகரில் கன்னடமாகவே நிற்கிறது.

காஞ்சியைத் தூதர் நகரம் என்று புகழ விரும்புவோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பந்தலைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் எனவில்லை. அதோடு, கைலாசநாதர் கோயில் தூணிலுள்ள பகையரசனின் எழுத்தைத் தமிழில் பெயர்த்து, வருவோர் படிக்கும்படி அதன் அருகே வையுங்கள். 720ஆம் ஆண்டுச் செய்தியை எடுத்தாளுவோர் அதை முழுமையாக எடுத்தாளட்டும். அவர்களுள் நம்மவர் முன்நிற்கட்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்போர், ஔவையாரின் நாவைப் பாராட்டிய பின், தொண்டைமானின் செவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தச் செவி இருந்தவரையில்தான் அந்த முற்றம் அவையாக இருந்தது.